சாம்பல் நகரின் மேயர் ஷின்சோ ஹமாய்

பெரியோர் சரிதம் எழுதப் புகுவோர் மன்னரையும் தளபதியரையும் நாடிச் செல்வது வழக்கம். அன்றேல் புலவரையும் ஞானியரையும் போற்றுவர். இம்மலருக்கென நாம் எடுத்துக்கொண்ட சரிதம் அவ்வகையினதன்று. ஒரு நகரசபையில் ரேஷன் பிரிவின் தலைவராய் அமர்ந்து, அரிசிக் கணக்கும் துணிக் கணக்கும் பார்த்துக்கொண்டிருந்த ஓர் உத்தியோகஸ்தரின் சரிதம் இது. ஒரே காலைப் பொழுதில் அவருடைய ஊர் அழிந்தது. அவர்க்கு மேலிருந்த மேயரும் மாண்டார். எஞ்சியோர்க்குச் சோறு தேடும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அன்று தொடங்கிய பணி, இடையில் 4 ஆண்டுகள் நீங்கலாக, 1967 வரை அவரை விடவில்லை. காகிதமும் பேனாவுமே ஆயுதமாகக் கொண்டு காலந்தள்ளும் நம் போன்ற குமாஸ்தாக்கள் இச்சரிதத்தைச் சற்று நெருக்கமாகவே படிப்போம் என்பது நம் எண்ணம்.

ஷின்சோ ஹமாய் 1905-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜப்பான் நாட்டின் ஹிரோஷிமா நகரில் பிறந்தார். தோக்கியோ ஏகாதிபத்திய சர்வகலாசாலையில் சட்டம் பயின்றார். அத்தகைய பட்டம் பெற்றோர் தலைநகரின் மந்திரிசபை இலாகாக்களில் உயர்பதவி தேடிக்கொள்வது அந்நாட்டு வழக்கம். ஹமாயோ தாம் பிறந்த ஊருக்குத் திரும்பி, அவ்வூர் நகரசபையிலேயே உத்தியோகம் ஏற்றார்.

அந்த ஹிரோஷிமா எத்தகையதோர் ஊர் என்பதை ஈண்டுச் சொல்லியாக வேண்டும். ஓத்தா என்னும் ஆறு கடலோடு கலக்குமுன் பல கிளைகளாகப் பிரிகிறது. அக்கிளைகளுக்கு இடையேயுள்ள தீவுகள் போன்ற மணல் திட்டுகளின்மீது அமைந்தது அந்நகர். எங்கு நோக்கினும் பாலங்கள். வீடுகளோ பெரும்பாலும் மரத்தாலானவை. 1894-இல் சீனத்துடன் போர் மூண்டபோது ஜப்பானியப் பேரரசர் தாமே அங்கு வந்து தங்கிப் போர்த் தலைமையகம் நடத்தினார். அதுமுதல் அது இராணுவ நகரம் ஆயிற்று. பாசறைகளும் உணவுக் கிடங்குகளும் சீருடைக் கிடங்குகளும் அங்கே நிறைந்தன. ஊஜினாத் துறைமுகத்திலிருந்து படைகள் கப்பலேறின. பிற்காலத்தில் சாந்தி நகரம் என்று உலகமெங்கும் பெயர்பெற்ற ஊர், அதற்கு முன் அரை நூற்றாண்டுக் காலம் போரால் பிழைத்த ஊரேயாகும். இதை மறைத்து எழுதுவது முறையாகாது.

இரண்டாவது உலகப் போரின் இறுதியாண்டில் அந்நகரின் மேயராய் இருந்தவர் சென்கிச்சி அவாயா. அவர் கிறிஸ்தவ நெறியினர், நேர்மைக்குப் பெயர்போனவர். முன்பு ஒஸாக்கா நகரில் காவல்துறைத் தலைவராய் இருந்த காலத்தே, சாலை விதியை மீறிய படைவீரன் ஒருவன் பொருட்டு இராணுவம் சீறியெழுந்தபோதும் பணியாதிருந்தவர். அவருக்குக் கீழே ரேஷன் பிரிவைப் பார்த்தவர் நம் ஹமாய். அந்நாளில் ரேஷன் வேலை எளிதன்று. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு உரிய அரிசி சுமார் 330 கிராம். அதுவும் 1945 ஜூலையில் 300 கிராம் அளவிற்குக் குறைக்கப்பட்டது. அவ்வளவும் அரிசியாகவே கிட்டியதுமில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோயாவும் அரிசியின் பெயரால் அளக்கப்பட்டன.

மற்றொரு வேலையும் அக்கோடையில் நடந்து கொண்டிருந்தது. விமானங்கள் தீக்குண்டு பொழிந்தால் தீ பரவாதிருக்கும் பொருட்டு, ஊரின் குறுக்கே வீடுகளை இடித்து வெளியிடம் உண்டாக்குமாறு சர்க்கார் ஆணையிட்டிருந்தது. இடிபட்ட மரத்தையும் ஓட்டையும் அகற்றும் பணிக்கு நடுநிலைப் பள்ளிச் சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கில் அழைத்து வரப்பட்டனர். இவ்வெளியிடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; பின்னர் இதைப்பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், திங்கட்கிழமை, காலை 8 மணி 15 நிமிடத்திற்கு அமெரிக்க விமானம் ஒன்று எறிந்த அணுகுண்டு நகரின் நடுவே, தரைக்கு மேல் சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அப்போது நகரில் இருந்தோர் ஏறத்தாழ 3,50,000 பேர். அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டோர் சுமார் 1,40,000 என்று பிற்காலத்தில் கணக்கிட்டுள்ளனர். வெளியிட வேலைக்கு வந்திருந்த மாணவரில் மட்டும் 6,000 பேர் அளவில் மடிந்தனர். மேயர் அவாயா தம் இல்லத்திலேயே மகனோடும் பேத்தியோடும் உயிர் நீத்தார்.

ஹமாய் நகரின் நடுவிலிருந்து விலகியிருந்த தம் வீட்டில் இருந்தமையால் பிழைத்தார். பிழைத்தவர் நகரசபைக் கட்டடத்தை நோக்கிச் சென்றார். குண்டு வெடித்த இடத்திற்குத் தெற்கே ஒரு கிலோமீட்டர் தொலைவில் நின்ற அக்கட்டடம் சிமெண்டாலானது; சுவர்கள் நின்றன, உள்ளிருந்தவை யாவும் எரிந்து போயின. மேஜையுமில்லை, ரிஜிஸ்தருமில்லை, ரேஷன் கார்டுகளின் நகலுமில்லை. யார் உயிரோடிருக்கிறார் என்பதே தெரியாத ஊரில், யாருக்கு எவ்வளவு என்று எங்ஙனம் அளப்பது? அளக்கும் முறையை அவர் அன்றே கைவிட்டார். இராணுவக் கிடங்குகளில் இருந்த உலர் ரொட்டியைக் கேட்டு வாங்கினார். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பெண்கள் பிடித்தனுப்பிய சோற்று உருண்டைகளும் வந்து சேர்ந்தன. வந்தவர்க்கெல்லாம் அட்டையின்றி, கையெழுத்தின்றி, அவை கொடுக்கப்பட்டன. கணக்கையே தொழிலாகக் கொண்டவர் கணக்கை ஒதுக்கி வைத்த நாள் அது.

இவ்விடத்தில் நம் தொழிலைச் சார்ந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஊஜினாத் துறைமுகத்திற்குச் செல்லும் ரயில் பாதை குண்டு விழுந்த மறுநாளே திறக்கப்பட்டது. ஹிரோஷிமாவுக்கும் யோக்கோகாவாவுக்கும் இடையே அறுந்துபோன மெயின் லைன் ஆகஸ்டு 8-ஆம் நாள் சரிசெய்யப்பட்டது. 9-ஆம் நாள் நகருக்குள்ளேயே டிராம் வண்டி சிறிது தூரம் ஓடிற்று. தண்டவாளத்தைச் செப்பனிட்டவர்களும் தம் வீட்டாரை இழந்தவர்களே. ஹமாய் தேடிய உணவும், வெளியூருக்குக் கொண்டு செல்லப்பட்ட காயமுற்றோரும் இவ்வழிகளால்தாம் போக்குவரவு செய்ய முடிந்தது. ஒரு லைன் அடைபட்டால் அதைத் திறக்க எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் அந்த இரண்டு நாள் கணக்கின் அருமையை உணர்வர்.

ஆகஸ்டு 15-ஆம் நாள் போர் முடிந்தது. ஊரின் துன்பம் முடியவில்லை. வெளிக்காயம் ஏதுமில்லாதவரும் தலைமயிர் உதிர்ந்து, உடலெங்கும் செம்புள்ளிகள் தோன்றி இறந்தனர். 75 ஆண்டுகளுக்கு அம்மண்ணில் புல்லும் முளைக்காது என்னும் வதந்தி எங்கும் பரவிற்று. செப்டம்பர் 17-ஆம் நாள் பெரும் புயல் ஒன்று தாக்கி, குண்டுக்குத் தப்பிய பாலங்களையும் அடித்துச் சென்றது; ஹிரோஷிமா மாகாணத்தில் மட்டும் 2,000 பேருக்குமேல் மாண்டனர். ஊரை அப்படியே விட்டுவிட்டு வேறிடத்தில் புதிதாய் அமைத்துக்கொள்வதே நலம் என்று எண்ணியவர்களும் இருந்தனர். எனினும் சாம்பலிடையே பச்சை தோன்றியது. மக்களும் தகரத்தையும் எரிந்த பலகையையும் கொண்டு தத்தம் பழைய மனையிலேயே குடிசை வேய்ந்தனர். மக்கள் திரும்பி வந்துவிட்டபின் நகரை வேறிடத்திற்கு எடுத்துச் செல்வது யார்?

அவாயாவுக்குப்பின் மேயரான ஷிச்சிரோ கிஹாராவின் கீழ் ஹமாய் துணை மேயராக உயர்ந்தார். புதிய அரசியல் சட்டத்தின் காலத்தில் மேயரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை ஏற்பட்டது. 1947 ஏப்ரலில் நடந்த அத்தேர்தலில் ஹமாய் வென்றார். மக்கள் வாக்கால் ஹிரோஷிமாவுக்கு மேயரானோரில் அவரே முதல்வர். அப்போது அவர்க்கு வயது 41.

பதவியேற்ற அவ்வாண்டே, ஆகஸ்டு 6-ஆம் நாளைச் சாந்தி விழாவாகக் கொண்டாட ஏற்பாடு செய்தார். நாடு அந்நியப் படைகளின் ஆளுகையில் இருந்த காலம் அது. அணுகுண்டைப் பற்றி எழுதவும் பேசவும் தணிக்கை இருந்தது. குறை கூறாமல் குறையைச் சொல்ல வேண்டும் என்னும் நெருக்கடியில், ஹமாய் மேடையேறி ஒரு சாந்திப் பிரகடனம் வாசித்தார். ஆட்சித் தலைவர் ஜெனரல் மக்ஆர்தரும் செய்தி அனுப்பினார். மணி ஒலித்தது, புறாக்கள் பறந்தன. அத்தோடு நில்லாது தெருக்களில் ஆட்டமும் பாட்டமும் அலங்கார வண்டிகளும் சென்றன. இழவு வீட்டில் திருவிழாவா என்று பலர் முகம் சுளித்தனர். அக்கண்டனம் நியாயமே என்பது நம் கருத்து. அடுத்த ஆண்டுகளில் ஆட்டம் குறைந்து விழா அடக்கமுற்றது. 1950-இல் கொரியாவில் போர் மூண்டபோது விழாவே தடுக்கப்பட்டது. அந்த ஓராண்டு நீங்கலாக, ஆகஸ்டு 6-ஆம் நாள் விழா பின்னர் தொடர்ந்து நடந்து வருகிறது.

நிற்க. பிரகடனம் வாசித்தால் வீடு எழும்புமா? நகரசபையின் கஜானா வெறுமையாய்க் கிடந்தது. வரி கட்டுவோர் மாண்டனர். வரி விதிக்கத்தக்க கட்டடமும் இல்லை. ஹமாய் பலமுறை தோக்கியோவுக்குச் சென்று பணம் கேட்டார். போரால் அழிந்த நகரங்கள் என்று சர்க்கார் குறித்து வைத்திருந்த பட்டியலில் 115 ஊர்கள் இருந்தன. ஹிரோஷிமாவுக்கு மட்டும் தனிச்சலுகை ஏது என்பதே அங்குக் கிடைத்த மறுமொழி. விண்ணப்பம் எழுதி, கோப்பு நகராது, மறுபடியும் விண்ணப்பம் எழுதுவது என்றால் என்ன என்பதை நாம் அறிவோம். வேறொருவராயின் அவ்வளவில் சலித்திருப்பர்.

அப்போது ஒரு வழி தோன்றிற்று. பணம் கேட்டுக் கெஞ்சுவதை விட்டு, ஹிரோஷிமாவுக்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றச் செய்வது என்பதே அவ்வழி. தோக்கியோவின் சட்டசபை அலுவலகத்தில் பணியாற்றிய ஹிரோஷிமாக்காரர் ஒருவர் மசோதாவை வரைந்து கொடுத்தார். அந்நிய ஆட்சியாளரின் இசைவும் பெறப்பட்டது. ஹிரோஷிமா சாந்தி நினைவு நகர நிர்மாணச் சட்டம் 1949 மே மாதத்தில் சபைகளில் நிறைவேறிற்று. ஓர் ஊருக்கு மட்டும் உரிய சட்டமாயின் அவ்வூர் மக்களின் வாக்கும் வேண்டும் என்பது புதிய அரசியல் சட்டத்தின் விதி. அவ்வாறே ஜூலை 7-ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோரில் பத்தில் ஒன்பது பேர் ஆதரித்தனர். ஆகஸ்டு 6-ஆம் நாளே சட்டம் பிரகடனமாயிற்று. அதன்படி, பழைய இராணுவ நிலங்கள் போன்ற அரசாங்க உடைமைகளை நகருக்கு விலையின்றி அளிக்க இயன்றது; மானியமும் கூடியது. நகரத்தை நிறுவி முடிக்க ஓயாது உழைப்பதை மேயருடைய கடமையாகவே அச்சட்டம் எழுதிவைத்தது.

இனி, நாம் நினைவில் வைக்கச் சொன்ன வெளியிடத்திற்கு வருவோம். தீயைத் தடுக்க வீடுகளை இடித்து உண்டாக்கிய அவ்வெளியை, 100 மீட்டர் அகலமுள்ள பெருஞ்சாலையாக அமைக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. ஊரின் நடுவே, ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழ்ந்து ஒரே நொடியில் அழிந்த நாக்காஜிமாப் பகுதியில் சாந்திப் பூங்கா அமைப்பதென்றும் முடிவாயிற்று. 1949-இல் நடந்த போட்டியில் கென்சோ டாங்கே என்னும் இளம் சிற்பியின் வரைபடம் தேர்வு பெற்றது.

மக்கள் இதை எப்படி ஏற்பர்? மழைக்கு ஒழுகும் குடிசையில் பிள்ளைகளோடு கிடப்பவனிடம் போய், உன் மனையில் ஒரு பங்கைச் சாலைக்குக் கொடு, உன் குடிசையைப் பூங்காவுக்காகப் பெயர்த்து வேறிடம் போ என்றால் அவன் வாழ்த்துவானா? விமானம் இறங்குவதற்கா இவ்வளவு அகலம் என்று ஏளனம் செய்தனர். மனையிழந்தோர் நகரசபைமீது சினந்தனர். பூங்காவின் எல்லைக்குள் குடிசை போட்டிருந்தோரை வெளியேற்றும் கொடுமையும் நேர்ந்தது. ஆற்றங்கரையில் பாசறை இருந்த மோத்தோமாச்சிப் பகுதியில் வீடற்றோர் குடிசைகள் நெருங்கிப் பெருகின. ஹமாய் அதையெல்லாம் கண்டும் திட்டத்தின் அளவைச் சுருக்கவில்லை. இன்று விட்டுக் கொடுத்த நிலம் நாளை எவ்வளவு பணம் கொட்டினும் திரும்பக் கிடைக்காது என்பது அவருடைய கணக்கு. கணக்கு சரிதான், ஆயினும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் குடிசைவாசிகளே. இவ்விரண்டில் எதைப் பெரிதென்போம்? நமக்கே தீர்மானம் எளிதாக இல்லை.

1952 ஆகஸ்டு 6-ஆம் நாள் பூங்காவில் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. பண்டைக்காலக் களிமண் வீட்டின் கூரையைப்போல் வளைந்த அச்சின்னத்தின்கீழ் ஒரு கற்பேழை இருக்கிறது. மாண்டோர் பெயர்ப் பட்டியல் அதனுள்ளே. ஹிரோஷிமா சர்வகலாசாலைப் பேராசிரியர் தாதாயோஷி சைக்கா எழுதிய வாசகம் அக்கல்லில் பொறிக்கப்பட்டது. மாண்டோரை அமைதியாய் உறங்குமாறு வேண்டி, அத்தவறு இனி நேராதென உறுதி கூறுவது அதன் கருத்து.

இவ்வாசகத்தைக் குறித்து எழுந்த வழக்கில் நம் நாட்டுப் பெரியார் ஒருவருக்கும் பங்குண்டு. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாய் இருந்தவரும், தோக்கியோவில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் மற்ற நீதிபதிகளுக்கு மாறாகத் தீர்ப்பெழுதியவருமான ராதா பினோத் பால் 1952 நவம்பரில் ஹிரோஷிமா சென்றார். வாசகத்தின் பொருளைப் பிறர் சொல்லக் கேட்டவர் கடிந்துரைத்தார். குண்டை எறிந்தவர் ஜப்பானியர் அல்லரே. அங்ஙனமிருக்கத் தவறு செய்தவராக ஜப்பானியர் தம்மையே ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கேள்வி. இதற்கு மூலகாரணம் ஜப்பானிய மொழியின் இயல்பு. தமிழில் எழுவாயை விட்டுவிட்டாலும் வினைமுற்றின் விகுதி, செய்தவர் நாமா நீயா அவரா என்று காட்டிக் கொடுத்துவிடும். ஜப்பானிய வினைக்கு அத்தகைய விகுதி இல்லை. ஆகவே, தவறு செய்தவர் யார் என்பது அக்கல்லில் எழுதப்படாமலே நிற்கிறது. சைக்கா விளக்கம் எழுதினார். ஹமாயும் தம் நிலையினின்று அசைந்தாரல்லர். அக்கல்லின்முன் வந்து நிற்பவர் எந்நாட்டவராயினும் அவரெல்லாரும் அவ்வாக்கிற்குரியவரே, மனிதகுலம் முழுதும் அதன் எழுவாய் என்பது அவர் கொண்ட பொருள். பால் அவர்களின் கேள்வியில் நீதிமன்றத்தின் நேர்மை இருக்கிறது. எனினும், பழி யாருடையதென்று வழக்காடுவதைவிட மறுபடி நேராமற் பார்ப்பதே தம் பணியென ஒரு மேயர் கருதினால் அதிலும் பிழை காணல் அரிது. கல் மாற்றப்படவில்லை.

1955-இல் மேயர் தேர்தல் மீண்டும் வந்தது. எதிர்த்து நின்ற தாதாவோ வாத்தானாபே, 100 மீட்டர் சாலையைப் பாதியாகக் குறைத்து மிகுந்த நிலத்தில் வீடுகள் கட்டித் தருவதாக வாக்களித்தார். ஹமாய் தோற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் பூங்காவின் பொருட்காட்சிச் சாலை திறக்கப்பட்டபோது, மேயர் நாற்காலியில் இருந்தவர் வேறொருவர். ஆயினும் விந்தை பாரீர்! வென்றவர் சாலையைக் குறைக்கவில்லை. பதவியில் அமர்ந்தபின் அதன் அகலத்தை அப்படியே வைத்து, மாகாணத்து மக்களிடம் மரக்கன்றுகள் தானமாகக் கேட்டுப் பெற்று இருமருங்கும் நடச் செய்தார். இன்று அச்சாலையில் நிழல் தரும் மரங்களின் புகழ் வாத்தானாபேக்கும் உரியது. 1957 அக்டோபரில் நம் பிரதமர் நேரு ஹிரோஷிமா சென்று சாந்திப் பூங்காவில் பெருங்கூட்டத்தின்முன் பேசியதும் அவர் காலத்திலேயே.

1959-இல் மக்கள் ஹமாயை மறுபடியும் தேர்ந்தெடுத்தனர். இரண்டாம் முறை அவர் எதிர்கொண்டது ஓர் இடிந்த கட்டடத்தின் கேள்வி. 1915-இல் செக் நாட்டுச் சிற்பி ஒருவர் கட்டிய மாகாணத் தொழிற்பொருட்காட்சி மண்டபம், குண்டு வெடித்த இடத்திற்கு ஏறத்தாழ 160 மீட்டர் அருகிலிருந்தும் முற்றிலும் வீழாது, குவிமாடத்தின் இரும்புக் கம்பிகளோடு எலும்புக்கூடாய் நின்றது. அதைக் காணுந்தோறும் நெஞ்சு வேகிறது, இடித்துவிடுங்கள் என்றனர் ஒருசாரார். வைத்துக் காக்க வேண்டுமென்றனர் மற்றொரு சாரார். ஹமாய் தொடக்கத்தில் காப்பதற்கு ஆர்வம் காட்டினாரல்லர். உயிரோடிருப்போர்க்கே பணம் போதாதபோது இடிபாட்டுக்குச் செலவிடுவதா என்று தயங்கினார். குழந்தைப் பருவத்தில் கதிர்வீச்சுக்கு ஆளான சிறுமி ஒருத்தி இரத்தப் புற்றால் 16 வயதில் 1960-இல் இறந்தாள். அக்கட்டடமே என்றென்றும் உலகுக்கு உண்மை சொல்லும் என்று அவள் நாட்குறிப்பில் எழுதியிருந்த கருத்தைக் கண்ட பள்ளிப் பிள்ளைகள் கையெழுத்துத் திரட்டப் புறப்பட்டனர். கட்டடமோ ஆண்டுதோறும் உதிர்ந்து வந்தது. 1966 ஜூலை 11-ஆம் நாள் நகரசபை அதை என்றும் காப்பதெனத் தீர்மானித்தது.

தீர்மானித்தபின் ஹமாய் தயங்கவில்லை. செலவுக்கு 40,000,000 யென் வேண்டியிருந்தது. அதைப் பொதுமக்களிடமே திரட்ட முனைந்தனர். 60 வயது கடந்த மேயர், தோக்கியோ நகரத் தெருவில் தாமே நின்று, வழிப்போக்கரிடம் நன்கொடை கேட்டார். எந்தத் தோக்கியோவில் மந்திரி அலுவலகங்களின் வாயிலில் முன்பு காத்து நின்றாரோ, அதே தோக்கியோவின் நடைபாதையில் இப்போது நின்றார். கேட்டதைவிட மிகுதியாகவே, 60,000,000 யென்னுக்கு மேல் சேர்ந்தது. 1967 ஆகஸ்டில் செப்பனிடும் வேலை முடிந்தது. அக்கட்டடத்தை 1996-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

வேலை முடிவதற்குள் ஹமாய் பதவியினின்று விலகிவிட்டார். 1967-லேயே தம் அனுபவங்களை ஒரு நூலாக வெளியிட்டார். அணுகுண்டு மேயர் என்பது அதன் பெயர். 1968 பிப்ரவரி 26-ஆம் நாள் தம் 62-ஆம் வயதில் காலமானார்.

மோத்தோமாச்சி ஆற்றங்கரைக் குடிசைகள் அப்போதும் நின்றன. சாலையும் பூங்காவும் அமைத்தவரால் தம் காலத்தில் அவற்றிற்கு முடிவு காண இயலவில்லை. அவர் மறைந்தபின், அந்தப் பழைய இராணுவ நிலத்திலேயே பல அடுக்கு மாடிக் குடியிருப்புகள் எழுப்பப்பட்டன. குடிசைவாசிகள் சிறிது சிறிதாக அவற்றிற்குக் குடியேறினர். அவ்வேலை நிறைவெய்தியது 1978-ஆம் ஆண்டில்.